எல்லாத் திசையும் பார்க்கும் படம்



ஒரு புகைப்படத்தைக் கையில் எடுத்தால் அதில் இருப்பதைத்தான் பார்க்கிறோம். எடுத்தவர் எதை விட்டுவிட்டார் என்று நாம் கேட்பதில்லை. கல்யாண வீட்டுப் படத்தில் மணவறை அலங்காரம் இருக்கும்; பின்வளவில் கழுவாமல் குவிந்து கிடக்கும் சஹன்கள் இருக்கமாட்டா. கெமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்ற அதிகாரம் எடுப்பவரின் கையில் இருக்கிறது.

அந்த அதிகாரம் செல்லாத ஒரு வகைப் படம் உண்டு. முன், பின், வலம், இடம், மேல், கீழ் என எல்லாத் திசைகளையும் ஒன்றாக அடக்கிய கோளப் படம் அது. பட்டத்தின் கயிற்றில் கெமராவைத் தொங்கவிட்டு, ஆகாயத்திலிருந்தே இத்தகைய படத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இம்மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

பட்டத்தில் கெமரா ஏறியது புதிய சங்கதியல்ல. 1888ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தின் லாப்ரூகியேர் என்ற ஊரில் ஆர்தர் பட்யூ என்பவர் பட்டத்தில் கெமராவைக் கட்டி ஊரைப் படம்பிடித்தார். மெதுவாக எரியும் திரியொன்றைக் கெமராவில் பொருத்தி, பற்றவைத்து மேலே அனுப்புவார். திரி எரிந்து முடிந்ததும் கெமரா தானாகவே படம் எடுத்துவிடும்.

அடுத்தவர் அமெரிக்காவின் சிகாகோ நகரத்துப் புகைப்படக்காரர் ஜோர்ஜ் லோரன்ஸ். இவர் முதலில் பலூனில் தாமே ஏறிப் படமெடுத்தார். 1901இல் அவர் நின்றிருந்த கூடை பலூனிலிருந்து அறுந்து விழுந்தது. 200 அடிக்கும் அதிகமான உயரம்! கீழே சென்ற தொலைபேசிக் கம்பிகள் வீழ்ச்சியின் வேகத்தைத் தணித்ததால் உயிர் தப்பினார். அதன் பின்னரே, மனிதன் தரையில் நிற்கட்டும், கெமரா மாத்திரம் மேலே போகட்டும் என்று பட்டத்தின் பக்கம் திரும்பினார்.

1906 ஏப்ரல் 18ஆந் திகதி ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம் பூகம்பத்தால் குலுங்கியது. தொடர்ந்து மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்தது. சுமார் 3000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தனர். ஏறக்குறைய ஆறு வாரங்களின் பின் லோரன்ஸ் அங்கு சென்று, பல பட்டங்களை ஒரே கயிற்றில் தொடராகக் கட்டி, 22 கிலோ எடையுள்ள கெமராவை 2000 அடி உயரத்துக்கு ஏற்றினார். கயிற்றோடு சென்ற மின்கம்பி வழியாகக் கீழிருந்தே கெமராவை இயக்கினார். நான்கு அடி நீளமான அந்தப் படத்தில், எரிந்து சாம்பலான தெருக்கள் கரையிலிருந்து குன்றுகள் வரை தெரிகின்றன. ஆனால், எவ்வளவு பெரிய படமாக இருந்தும் அதில் விழுந்தது 160 பாகை மட்டுமே. முழுச் சுற்று 360 பாகை. ஆக, பாதிக்கு மேல் கெமராவின் முதுகுப் பக்கம் நின்றுவிட்டது.

அந்த மிச்சத்தையும் உள்ளே கொண்டுவருவதுதான் கோளப் படம். எப்படி என்று கேட்கிறீர்களா?

கெமராவைப் பட்டத்திலேயே கட்டினால் அதன் துள்ளலெல்லாம் படத்தில் தெரியும். எனவே பட்டத்தை நன்கு உயர ஏற்றிவிட்டு, அதற்குப் பல மீற்றர் கீழே கயிற்றில் கெமராவைத் தொங்கவிடுவார்கள். சிலுவை போன்ற சிறு சட்டமொன்று, சிறு கப்பிகளில் ஓடும் நூலால் கயிற்றின் இரண்டு இடங்களிலிருந்து தொங்கும். கயிறு சரிந்தாலும் சட்டம் மட்டமாகவே நிற்கும். 1912இல் இதை அமைத்த பிரெஞ்சுக்காரர் பிக்கவேயின் பெயராலேயே இன்றும் இது அழைக்கப்படுகிறது.

சிறு மோட்டார் கெமராவைச் சுற்றச் சுற்ற, ஒன்றின் ஓரம் மற்றொன்றில் விழும்படி படங்கள் எடுக்கப்படும். பிறகு கணினி, இரண்டு படங்களிலும் உள்ள ஒரே மரத்தை, ஒரே கூரை முனையைக் கண்டுபிடித்து ஒட்டுகிறது. துணியின் பூ மாறாமல் சட்டையின் இரண்டு பக்கத்தையும் பொருத்தித் தைப்பீர்களே, அதே வேலைதான். ஒரேயொரு சிக்கல்: தைக்கும் துணி அசையாது, ஆகாயத்தில் கெமரா அசையும். தூரத்துப் பொருள்கள் அப்போதும் பொருந்தும். கிட்டத்துப் பொருள்கள் விலகி நிற்கும்.

தைத்து முடித்த கோளத்தைத் தட்டையாக்குவது அடுத்த வேலை. தோடம்பழத் தோலை உரித்து மேசையில் விரித்துப் பாருங்கள், கிழியும். கிழியாமல் விரிக்க வேண்டுமானால் மேல் நுனியையும் கீழ் நுனியையும் இழுத்து நீட்டவேண்டும். உலகப் படத்தில் துருவப் பிரதேசங்கள் அளவுக்கு மீறிப் பெருத்துத் தெரிவதும் இதனால்தான். இப்படி விரித்த கோளப் படத்தின் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு. அதைக் கணினித் திரையில் மீண்டும் உருட்டி, நடுவில் நின்று பார்ப்பதுபோல் நாலாபுறமும் பார்க்கலாம்.

உச்சியில் மாத்திரம் ஒரு குறை. அங்கே கயிறும் சட்டமும் மறைக்கும். அந்த இடத்தை அழித்து, பக்கத்து வானத்தின் நிறத்தால் நிரப்புவோர் உண்டு.

2013இல் முதுகோடு முதுகாக இரண்டு கண்ணாடி வில்லைகள் கொண்ட சிறு கெமராக்கள் கடைக்கு வந்தன. அவை முழுக் கோளத்தையும் ஒரே நொடியில் எடுத்துவிடுகின்றன. வேலை எளிதாகிவிட்டது. பொறுப்பு எளிதாகவில்லை.

ஏன்? சாதாரணக் கெமராவை அடுத்த வீட்டு முற்றத்திலிருந்து திருப்பிக்கொள்ளலாம். கோளப் படத்தில் திருப்புவதற்குப் பக்கமே இல்லை. கொடியில் காயும் உடுப்பும், மதிலுக்குள் தலைத்துணியின்றி முடி உலர்த்தும் பெண்ணும், கிணற்றடியும் விழுந்துவிடலாம். பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது தகாது என்று பிள்ளைக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். மதிலுக்கு மேலால் பார்ப்பதும் எட்டிப் பார்ப்பதுதானே! படமெடுத்த பின் யோசிப்பதில் பயனில்லை. எங்கே நின்று ஏற்றுவது, எந்த நேரத்தில் ஏற்றுவது என்பதைப் பட்டம் தரையில் இருக்கும்போதே தீர்மானிக்க வேண்டும்.

பட்டத்தில் ஒரு நேர்மையும் இருக்கிறது. ட்ரோனை இயக்குபவர் மறைவில் நிற்கலாம். பட்டத்தின் கயிற்றைப் பிடித்தபடி வந்தால் அதன் மறுமுனையில் ஆள் நிற்பார். அவர் எடுக்கும் கோளப் படத்திலும், கயிறு வந்து சேரும் இடத்தில், அண்ணாந்து பார்த்தபடி அவரே தெரிவார்.

உங்கள் வீட்டு மகனோ மகளோ இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். கணிதமும் காற்றும் பொறுமையும் ஒன்றாகப் படிக்கக் கிடைக்கும் பாடம் இது. மின்கம்பிகளும் வீதியும் விமான நிலையமும் அருகில் இல்லாத வெளியாக இருக்கட்டும். கயிற்றில் உலோகமோ ஈரமோ வேண்டாம். கையுறை அணியட்டும். முதலில் கெமராவின் எடையுள்ள மணல் பையை ஏற்றிப் பழகட்டும். தலைக்கு மேல் கெமரா நிற்பதால் கீழே ஆட்கள் நடமாடக் கூடாது. பட்டம் ஏறுமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்தப் படத்தில் விழப்போகிற எல்லோருக்கும் இது சம்மதமா?"