மௌனம் சமர்த்தன்று

அழாத பிள்ளையைச் சமர்த்துப் பிள்ளை எனப் பாராட்டுகின்றோம். அழுதழுது ஓய்ந்த பிள்ளையும் அழுவதில்லை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கவலை பெரியவர்க்கே உரியது, பால்மணம் மாறாப் பருவத்தில் மனச்சோர்வு ஏது என வினவுவோரும் நம்மிடையே உளர்.

அவ்வினாவிற்கு மருத்துவ உலகம் என்றோ விடை கண்டுவிட்டது. தாயைப் பிரிந்த கைக்குழந்தைகளை ஆராய்ந்த ரெனே ஸ்பிட்ஸ், அவை முதலில் அழுது, பின்னர் எடையும் உறக்கமும் குறைந்து, இறுதியில் எவரையும் நாடாது ஒடுங்கியதை 1946இல் எழுதினார். உலக சுகாதார நிறுவனத்திற்காக 1951இல் ஜான் பௌல்பி அளித்த அறிக்கை, தாயின் அல்லது தாய்போன்ற ஒருவரின் இடையறாத அன்பு குழந்தையின் மனநலத்திற்கு இன்றியமையாதது என வலியுறுத்தியது.

அதே 1951இல்தான் நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பெற்றது. ஐம்பதும் அதற்கு மேலும் பெண்கள் பணிபுரியும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென அது விதித்தது. போற்றத்தக்க விதியே! எனினும், சட்டம் கூரையையும் தொட்டிலையும் தரும், பேச்சுத்துணையைத் தராது.

நீலகிரியின் பந்தலூர் வட்டத்திலுள்ள சேரங்கோட்டை எண்ணிப் பாருங்கள். காலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் மாலையில் களைத்து மீள்கிறாள். அந்தி சாய்ந்தால் யானைக்கும் சிறுத்தைக்கும் அஞ்சிக் கதவுகள் அடைபடுகின்றன. அச்சம் வீணன்று. 2024 சனவரியில் பந்தலூர்ப் பகுதித் தோட்டமொன்றில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அதன் பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

அவர்களைப்போல் வடபுலத்திலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பூட்டிய கதவோடு புரியாத மொழியும் சேர்ந்துகொள்கிறது. நாற்பது பிள்ளைகள் நடுவிலும் அப்பிள்ளை தனியே. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி இலங்கையிலிருந்து வந்து இம்மலைகளில் குடியேறிய முதியோர், புதிய ஊரில் அந்நியராய் நிற்கும் துயரை நன்கறிவர். அவ்வறிவு இன்று அயல்வீட்டுப் பிள்ளைக்குப் பயன்பட வேண்டாமா?

தான் வளர்த்த சிறுகுருவி இறந்ததால் வாடியிருந்த சிறுவன் அபூ உமைரிடம், குருவியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கனிவோடு விசாரித்தார்கள். குழந்தையின் துயர் அவர்களுக்குச் சிறிதாகத் தோன்றவில்லை.

நம்மாலும் இது இயலும். மாணவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, திண்ணையில் நாலு பிள்ளைகளைக் கூட்டிக் கதை சொல்லலாம். மொழி தெரியாத பிள்ளையை முதலில் அழைக்கலாம். ஆசிரியர்கள் குறும்பு செய்யும் பிள்ளையைக் கவனிப்பது போலவே, வாய் திறவாப் பிள்ளையையும் கவனித்தல் வேண்டும். விளையாட்டில் நாட்டமின்மை, பசியின்மை, உறக்கக் கேடு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதோடு நில்லாமல் மருத்துவரை நாட வேண்டும். அதில் இழுக்கேதும் இல்லை.

மூலையில் அமைதியாய் அமர்ந்திருக்கும் பிள்ளையைச் சமர்த்து என்று சொல்லுமுன், அருகே அமர்ந்து, "ஏன் கண்ணே, பேசவில்லை?" என்று ஒருமுறை கேட்போம்.