எல்லாவற்றுக்கும் 'ஃபார்மட்' தானா?

நம் விடுதிகளில் கணினிக் கோளாறுக்கு ஒரே மருந்துதான் காலங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. வேகம் குறைந்தாலும் 'ஃபார்மட்', வைரஸ் வந்தாலும் ஃபார்மட், ஏன் என்று தெரியாமல் நின்றாலும் ஃபார்மட். நானும் படிக்கும் காலத்தில் அந்த வைத்தியர்களில் ஒருவன்தான். விண்டோஸ் எக்ஸ்பி குறுவட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கியிருக்கிறேன். கூலி, ஒரு தே தாரேக்கும் இரண்டு ரொட்டி சானாயும். எத்தனை பேருடைய கோப்புகளை அழித்தேனோ, கணக்கில்லை. அந்த உறுத்தலோடுதான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மடிக்கணினியில் 8 ஜிபி ரேம் இருந்தது. காலியாக இருந்த இடத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டிருக்கிறார். அதன் பிறகு நாளுக்கு மூன்று நான்கு முறை நீலத்திரை. கடைக்காரரோ, "இது விண்டோஸ் பிரச்சினை, ஃபார்மட் பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டு முறை செய்தும் பயனில்லை.

"அண்ணே, மூனாவது தடவ பண்ணிப் பார்க்கலாமா?"

"ரேம் எப்ப போட்டீங்க தம்பி?"

"போன வெள்ளிக்கிழமை."

"நீலத்திரை எப்ப வந்துச்சு?"

"சனிக்கிழமை." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

நேற்றுவரை ஓடிய கணினி இன்று நின்றால், கடைசியாக எதை மாற்றினோமோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதற்குக் கணினித் துறைப் பட்டம் தேவையில்லை. ஆனால் புதிதாக வாங்கிய பொருள் பழுதாக இருக்காது என்று நம்பிவிடுகிறோம். பழி விண்டோஸ் மீது விழுகிறது. அதைவிடக் கொடுமை, பழுதான ரேமை வைத்துக்கொண்டே விண்டோஸை மீண்டும் நிறுவுவது. நிறுவப்படும் கோப்புகள் அந்த ரேம் வழியாகத்தான் வட்டுக்குப் போகின்றன. அதனால் புதிய விண்டோஸும் பிறக்கும்போதே ஊனத்தோடு பிறக்கலாம்.

நீலத்திரையாவது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு அச்சம் தருவது தெரியாமல் நடப்பது. யூனிகோடில் 'ல'கரத்திற்கும் 'ள'கரத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு பிட். 'ர'வும் 'ற'வும் அப்படித்தான், 'ந'வும் 'ன'வும் அப்படித்தான். பழுதான ரேமில் அந்த ஒரு பிட் புரண்டால் போதும். 'கரை' 'கறை'யாகும், 'வால்' 'வாள்' ஆகும். ஆய்வேட்டைத் திருத்தும் விரிவுரையாளர் ரேமையா குறை சொல்லப்போகிறார்? இது எழுத்தோடு நிற்பதும் இல்லை. எண் மாறினால் அட்டவணை பொய்யாகும். சுருக்கிச் சேமிக்கப்படும் வேர்டு கோப்பில் ஒரு பிட் மாறினால் கோப்பே திறக்காமல் போகலாம்.

இது எப்போதோ நடக்கும் அதிசயம் என்று நினைக்க வேண்டாம். கூகுள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் அதிகமான ரேம்களில் பிழை தென்பட்டதாகக் கூறியது. அங்கே பிழையைக் கண்டறிந்து திருத்தும் 'இசிசி' வகை நினைவகம் இருந்ததால்தான் கணக்கெடுக்கவே முடிந்தது. நம் மடிக்கணினிகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது.

ஆகவே தம்பியிடம் நான் முதலில் சொன்னது, புதிய ரேமைக் கழற்றுங்கள் என்பதுதான். பிறகுதான் கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். பழுதான ரேம் உள்ளே இருக்கும்போது படியெடுத்தால், கெட்டுப்போன பிரதியே கைக்கு வரலாம். இணையச் சேமிப்பகத்தில் தானாக ஏறிவிடுகிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இதே கதைதான். கெட்ட கோப்பும் தானாகத்தான் ஏறும்.

கழற்றிய பின் இரண்டு நாள் நீலத்திரை வராவிட்டால், சோதனையைத் தொடங்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, மடிக்கணினியின் மின்கலத் தொடர்பையும் எடுத்துவிட்டு, ரேமைச் சாய்வாகச் செருகி, இருபக்கக் கொக்கிகளும் பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். சரியாக உட்காராத ரேமினால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. விண்டோஸோடு வரும் நினைவகச் சோதனை தொடக்கத்திற்கு உதவும். ஆனால் அது தேறிவிட்டது என்பதற்காக ரேம் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. 'மெம்டெஸ்ட்86' என்ற மென்பொருளை யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பே நான்கு சுற்று ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேர்ச்சி இல்லை. இதில் 40 மதிப்பெண்ணுக்குத் தேர்ச்சி என்பதெல்லாம் கிடையாது.

புதிய ரேமைத் தனியாகவும் பழையதைத் தனியாகவும் ஒரே இடத்தில் செருகிச் சோதிக்க வேண்டும். இரண்டும் தனித்தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் தகராறு என்றால், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை அல்லது இரண்டாவது இடத்தில் கோளாறு. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் பயாஸில் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' அமைப்பை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் பல நேரங்களில் அந்த அமைப்பைப் போட்டால்தான் வரும். அந்த வேகத்தை எல்லாக் கணினியும் தாங்காது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமையும் மாற்றி, பயாஸையும் புதுப்பித்து, விண்டோஸையும் ஃபார்மட் செய்த பிறகு கணினி ஓடினால், எது நோய் எது மருந்து என்று யாருக்குத் தெரியும்? இதற்கெல்லாம் பொறுமை எங்கே என்று கேட்பார்கள். ஃபார்மட் செய்து எல்லா மென்பொருளையும் மீண்டும் நிறுவ ஒரு நாள் செலவிடுபவர்களுக்கு, தூங்கும் நேரத்தில் ஓடும் சோதனை என்ன பாரம்?

தம்பியின் புதிய ரேம் முதல் சுற்றிலேயே பிழைகளைக் கொட்டியது. திரையைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கடைக்குக் கொண்டுபோனார். படத்தைப் பார்த்ததும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தாராம். ஆனால் நேர்காணல்களை எழுத்தாக்கி வைத்திருந்த கோப்புகளில் இரண்டு திறக்கவே இல்லை. அவற்றின் பழைய பிரதிகள் முதல் ஃபார்மட்டிலேயே போய்விட்டன. நல்லவேளையாக ஒலிப்பதிவு கைப்பேசியில் இருந்தது. பத்து நாள் உட்கார்ந்து மீண்டும் கேட்டுத் தட்டச்சு செய்தார்.