காய்ச்சலில் எடுத்த இரத்தம்



நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். கவ்வாத்து மலையில் விறகு பொறுக்கும்போது காலில் குச்சி ஏறி, சீழ் கட்டி, காய்ச்சலும் வந்த வாரத்தில் இரத்தம் சோதித்திருக்கிறார்கள். இரும்பின் இருப்பைக் காட்டும் பெரிட்டின் 48. "சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். பிறகு ஏன் அம்மாவுக்குக் களைப்பு தீரவில்லை?"

மகளே, உங்கள் சந்தேகம் நியாயமானது.

புண் பழுத்தால் சேதி ஈரலுக்குப் போகிறது. ஈரல் உடனே தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. சி.ஆர்.பி. என்ற புரதம் சில மணித்தியாலங்களில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளளவில் உச்சத்தைத் தொடும். கடும் தொற்றில் ஆயிரம் மடங்குகூடக் கூடும். 1930இல் நியூயார்க்கில் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான் இதை முதலில் கண்டார்கள். இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜனும் ஏறும், இரத்தச் சோதனையில் ஈ.எஸ்.ஆர். கூடுவது பெரும்பாலும் அதனால்.

ஈரல் செய்யும் இன்னொரு புரதமான அல்புமினோ இறங்கும். அதைப் பார்த்து, "ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று நோயாளியை ஏசக் கேட்டிருக்கிறேன். மனம் நொந்துபோகும். அழற்சியில் இரத்தக் குழாய் வழியே அல்புமின் கசிகிறது, ஈரலும் அதைக் குறைவாகவே செய்கிறது. சோற்றை மட்டும் குற்றம் சொல்வது எப்படி?

பெரிட்டின் ஏறும் பக்கத்தைச் சேர்ந்தது. கிருமிக்கும் இரும்பு வேண்டும் என்பதால், ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்கு வராமல் தடுக்கிறது. உள்ளே இருப்பதையும் பூட்டி வைக்கிறது. ஆகவே இரும்பு குறைந்த உடம்பிலும் அந்த நாட்களில் பெரிட்டின் நல்ல எண்ணாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் இதற்காகவே, கீழே போனால் இரும்புக் குறைவு என்று கொள்ள இரண்டு எல்லைகள் வகுத்தது: நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு 15, தொற்றோ அழற்சியோ இருந்தால் 70. அம்மாவின் 48 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

புண் ஆறிச் சில வாரம் கழித்து, பதுளைக்கு அழைத்துப்போங்கள். ஈமோகுளோபின், பெரிட்டின், கூடவே சி.ஆர்.பி. மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் காட்டி, அது காய்ச்சலில் எடுத்தது என்று மறக்காமல் சொல்லுங்கள். சாயத்தண்ணி இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சோற்றோடு வேண்டாம், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும்.

புது ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்