மீண்டும் பாடிய மூங்கில்

பழைய பொருளைப் பழுது பார்ப்பதைவிடப் புதியது வாங்குவதே மேல் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். நாற்காலிக்கும் குடைக்கும் அது பொருந்தலாம். பல தலைமுறைகளின் செபத்தோடு கலந்து ஒலித்த ஆலயக் கருவிக்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. இதற்குச் சான்றாகப் பிலிப்பைன்ஸ் நாட்டு மூங்கில் ஆர்கனின் வரலாற்றைத் தோழியர் முன் வைக்கிறோம்.

மணிலாவை அடுத்த லாஸ் பிஞாஸ், மீன்பிடிப்பும் உப்பளங்களும் கொண்ட எளிய ஊராக இருந்தது. அங்கே பங்குத்தந்தையாய் இருந்தவர் ஸ்பெயின் நாட்டுத் துறவி டியேகோ செரா. 1816-ஆம் ஆண்டு ஆர்கன் செய்யத் தொடங்கிய அவர், பெரும்பாலான குழாய்களுக்கு அங்கே விளைந்த மூங்கிலையே எடுத்தார். வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார். பூச்சி அரிக்காமல் தப்பியதே குழாயாயிற்று. 1824-இல் வேலை நிறைவுற்றது. மொத்தம் 1,031 குழாய்கள். அவற்றுள் 902 மூங்கில், மற்றவை உலோகம். துருத்தியின் காற்று புகுந்ததும் ஒவ்வொரு குழாயும் தனக்குரிய ஒரே சுரத்தைப் பாடும்.

பின்னர் நிலநடுக்கங்களும் புயல்களும் பூச்சிகளும் அதன் குரலைக் கெடுத்தன. 1973-இல் ஆர்கனைப் பிரித்து, ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். அந்நாட்டின் உலர்ந்த காற்றில் மூங்கில் வெடித்துவிடக் கூடாதே என்று, பிலிப்பைன்ஸின் வெப்பமும் ஈரமும் உள்ள தனி அறையை அங்கே அமைத்தார்கள். லாஸ் பிஞாஸிலோ ஆலயத்தைப் பழைய தோற்றத்துக்கே புதுப்பித்தார்கள். 1975 மே மாதம், புதுப்பொலிவு பெற்ற ஆலயத்தில் ஆர்கன் மீண்டும் பாடியது.

இவ்வளவு செலவை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஏழையின் பசியை நினையாத செபம் ஆண்டவருக்கு உகந்ததன்று. ஆனால் இந்த ஆர்கன் யாருடையது? செல்வர் எவரும் கடல் கடந்து வாங்கி வந்ததன்று. எளிய மக்கள் தங்கள் பங்குத்தந்தையோடு சேர்ந்து உழைத்து உருவாக்கியது. ஏழைக்குச் சோறும் வேண்டும், பாட்டும் வேண்டும். அவன் முன்னோர் செய்த அழகை அழியவிட்டால் அவன் இன்னும் ஏழையாவான் அல்லவா?

ஆயினும் செப்பனிடுவதோடு கடமை முடிவதில்லை. வாசிக்க ஆளில்லாத கருவி மறுபடியும் ஊமையாகும். அவ்வூரார் இதை உணர்ந்திருந்தனர். 1976 முதல் மூங்கில் ஆர்கன் இசைவிழா நடத்தி வருகிறார்கள். அங்கே சிறுவர் பாடகர் குழுவில் பாடிய அர்மாண்டோ சலார்சா, ஆஸ்திரியாவில் இசை பயின்று அந்த ஆர்கனையே வாசிக்கும் கலைஞரானார். செராவின் பெயரால் ஓர் ஆர்கன் பட்டறையும் அவ்வூரில் எழுந்தது. 2003-இல் அரசு அந்த ஆர்கனைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

ஆகவே, பழைய கருவி ஒன்றைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்போம். அதற்கு உறுதியான கூரை உண்டா? பழுது நீக்கத் தெரிந்த கைகள் உண்டா? வாசிக்கக் கற்க முன்வரும் பிள்ளைகள் உண்டா? முதல் இரண்டுக்கும் பெரியோர் விடை கூறட்டும். மூன்றாவது கேள்விக்கு, அன்புத் தோழியரே, நாமே விடையாக இருப்போம்!