பிரித்து உட்கார வைத்தால் சரியாகிவிடுமா?

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாததா!

நம் குடும்பக் குழுவில் நாலு நாளாக ஒரே பேச்சு. ஒன்பதாவது படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஜப்பான் கார்ட்டூன் தொடர் பார்க்கிறாளாம். அதில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் எப்போதும் ஒன்றாகவே திரிகிறார்களாம். அதைப் பார்த்துத்தான் இவளும் கூடப் படிக்கும் பிள்ளையோடு 'ஓவராக' ஒட்டிக்கொள்கிறாளாம். போனைப் பிடுங்கியாயிற்று. அடுத்து பள்ளியில் சொல்லி இருவரையும் வேறு வேறு செக்‌ஷனில் போடப் போகிறார்களாம். பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்தி ஆமோதித்திருக்கிறீர்கள். நான் உயர்த்தமாட்டேன். இது தவறான முடிவு.

பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். தொடரின் பெயர் 'ஹிபிகே! யூஃபோனியம்'. 2015, 2016, 2024 என மூன்று பருவங்களாக வந்தது. கதை நடப்பது ஊஜி என்னும் ஊரில். நம் குன்னூர் மாதிரி தேயிலைக்குப் பேர்போன ஊர். குமிகோ, ரெய்னா என்ற இரண்டு மாணவிகள் பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் இருக்கிறார்கள். போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை என்று ரெய்னா அழும்போது, "நிஜமாகவே ஜெயிப்போம் என்று நினைத்தாயா" என்கிற மாதிரி குமிகோ வாய்தவறிக் கேட்டுவிடுகிறாள். அந்த முள்ளிலிருந்துதான் அவர்கள் உறவே முளைக்கிறது.

மூன்றாம் பருவத்தில், திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வாசிக்க, யார் மேல் என்று குழு ஓட்டுப் போடுகிறது. சரிபாதியாக நிற்கிறது. கடைசி ஓட்டு ரெய்னாவுடையது. எது தோழியின் வாசிப்பு என்று அவளுக்குக் காது சொல்லிவிடுகிறது. ஆனாலும் மற்றவளின் வாசிப்பே மேல் என்று தோழிக்கு எதிராக ஓட்டுப் போடுகிறாள். பிறகு இருவரும் மலைமேல் போய் அழுகிறார்கள். உறவு முறியவில்லை. வளர்ந்தபின் குமிகோ அதே பள்ளிக்கு ஆசிரியையாக வருகிறாள்.

சொல்லுங்கள், இதில் எந்தப் பாடம் உங்கள் பிள்ளையைக் கெடுத்தது? தோழிக்காகக்கூடப் பொய் சொல்லக் கூடாது என்பதா? தோற்றபின்னும் நட்பு நிற்கும் என்பதா? நம்மில் எத்தனை பெரியவர்களுக்கு அந்த நேர்மை இருக்கிறது?

சரி, இதெல்லாம் ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்கிறீர்களே, கூடலூரைத் தாண்டினால் கேரளா. 1986-லேயே பத்மராஜன் 'தேசாடனக்கிளி கரயாறில்லா' என்று மலையாளப் படம் எடுத்துவிட்டார். நிம்மி, சாலி என்ற இரண்டு மாணவிகள். பள்ளியின் கண்ணில் அடங்காத பிள்ளைகள். பள்ளிச் சுற்றுலாவின் நடுவே ஓடிப்போகிறார்கள். இடையில் ஒரு ஆண் வருகிறான், ஒருத்தி மனம் சாய்கிறது, மற்றவள் தவிக்கிறாள். கடைசியில் இருவரும் உயிரை விட்டுவிடுகிறார்கள். படம் வந்தபோது நம் ஊரில் யார் கையில் போன் இருந்தது?

இரண்டு கதையிலும் பிள்ளைகள் ஒரே வயதுதான், ஒரே தவிப்புதான். ஊஜிப் பிள்ளைகளுக்கு வாசிக்க ஒரு குழு இருந்தது, திரும்பி வர ஒரு பள்ளி இருந்தது. நிம்மிக்கும் சாலிக்கும் வழக்காடாமல் காது கொடுக்க ஒரு பெரியவர் இல்லை. ஆகவே பிள்ளைகளை விசாரிப்பதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களை விசாரிப்போம்.

34 வருஷம் எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் சொல்கிறேன். இந்த மலையில் தோழி என்பவள் பொழுதுபோக்கு அல்ல. விடிகாலைப் பனியில், கரடியும் காட்டெருமையும் திரியும் தேயிலைக் காட்டு வழியில் மினி பஸ் பிடிக்க நடக்கும் பிள்ளைக்குத் தோழிதான் துணை. ஒரு ஊரில், பெயர் வேண்டாம், இப்படி இரண்டு பிள்ளைகளைப் பற்றி யாரோ ஏதோ சொன்னார்கள் என்று சேர்ந்து நடக்கவே தடை போட்டார்கள். ஒருத்தி தனியாக வரப் பயந்து அந்த வருஷமே படிப்பை நிறுத்தினாள். நேரே திருப்பூர் பனியன் கம்பெனி. மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்றார்கள். பிள்ளையின் படிப்பை யார் காப்பாற்றினார்கள்?

"டீச்சர், அது வெறும் நட்பாக இல்லாமல் காதலாக இருந்தால்?" என்று கேட்பீர்கள். மறைக்காமல் பதில் சொல்கிறேன். பதினான்கு வயதில் எது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. வளர்ந்தபின் அது காதல்தான் என்று தெரிந்தாலும் அது நோயும் இல்லை, குற்றமும் இல்லை. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். தனக்கு இதில் புரிதல் போதாது என்று சொல்லி, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போட்டார். இப்படிப்பட்டவர்களை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை செய்யக் கூடாது என்றார். பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். உயர் நீதிமன்ற நீதிபதியே மாணவராக உட்காரலாம், நாம் உட்காரக் கூடாதா?

இந்தக் குழுவில் ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவிகள் ஏழு பேர். உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். பெற்றோர் வந்து செக்‌ஷன் மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். முதலில் அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள். ஸ்டாஃப் ரூமில் 'ஒரு மாதிரி' என்ற வார்த்தை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு பிள்ளை அடியோ மிரட்டலோ வாங்குகிறது என்று தெரிந்தால் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

பிள்ளையின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்: போனைத் திருப்பிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோழியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். கூடவே உட்கார்ந்து அந்தத் தொடரில் நாலு பகுதி பாருங்கள். அதற்கப்புறமும் என் பேச்சு தப்பு என்று தோன்றினால் நேரில் வாருங்கள், வர்க்கி வாங்கி வைக்கிறேன், சண்டை போடுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
குன்னூர்