பனிவெளியும் சவாரித் திடலும்

ஊர் பார்க்கப் போனவர் அவ்வூரின் விளையாட்டுக்கு அடிமையாகித் திரும்புவது உலக வழக்கம். அமெரிக்காவின் வடகோடி மாநிலமாகிய அலாஸ்காவுக்குக் கோடைதோறும் உல்லாசக் கப்பல்கள் செல்கின்றன. பயணிகள் ஜூனோ துறைமுகத்தில் இறங்கி, ஹெலிகொப்டரில் பனியாற்றின் மேலேறி, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் ஒரு சுற்று வருகிறார்கள். அந்த ஒரு சுற்றிலேயே நாய்வண்டிப் பந்தயத்தின் மேல் தீராத பற்றுக் கொண்டு விடுவோரும் உளர்.

அப்பந்தயத்தின் வரலாறு நாம் அறியத்தக்கது. பாதையற்ற அப்பனிநாட்டில் தபாலையும் பண்டங்களையும் சுமந்தவை நாய்களே. 1925ஆம் ஆண்டு ஜனவரியில் நோம் என்னும் சிற்றூரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்தோ 674 மைலுக்கு அப்பால் இருந்தது. இருபது வண்டிக்காரர்களும் ஏறக்குறைய 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, ஐந்தரை நாளில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். பின்னர் விமானம் வந்தது. 1960களில் இயந்திரப் பனிவண்டியும் வந்தது. வீட்டு முற்றங்களில் நாய்கள் அருகின. அவ்வினமும் அக்கலையும் அழிந்துவிடலாகாதென்று ஜோ ரெடிங்டன் முதலியோர் முயன்று, 1973இல் அங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறத்தாழ ஆயிரம் மைல் பந்தயத்தைத் தொடக்கினர். தொழில் போன பிராணியைப் பந்தயம் காப்பாற்றியது.

இக்கதையைக் கேட்கும்போது நமது மாட்டுவண்டிச் சவாரி நினைவுக்கு வராமற் போகுமா? யாழ்ப்பாணத்துக் காளை வயலை உழுதது. எருவும் புகையிலையும் ஏற்றியது. திருவிழாவுக்குக் குடும்பத்தைச் சுமந்து சென்றது. லொறியும் உழவு இயந்திரமும் வந்தபின் அதற்கு வேலை குறைந்தது, சவாரியோ குறையவில்லை. வட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் இரு காளை பூட்டிய வண்டிகள் திடலில் புழுதி பறக்க ஓடும் காட்சிக்குக் கூட்டம் திரள்கிறது. போர்க்காலத்தில் தளர்ந்திருந்த இவ்விளையாட்டு 2009க்குப் பின் மீண்டும் களைகட்டியது. 'சிரித்திரன்' ஆசிரியர் சுந்தர் தம் கேலிச்சித்திர நாயகனுக்குச் 'சவாரித் தம்பர்' என்று பெயர் சூட்டியதே, சவாரி நம்மவர் வாழ்வில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்குச் சான்று.

ஆயினும் ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். நாய்வண்டிக்காரனின் கையில் கடிவாளம் இல்லை. "ஜீ" என்றால் வலப்புறம், "ஹா" என்றால் இடப்புறம். அவன் குரலே கடிவாளம். நெடும்பந்தயத்தில் 24 மணிநேர ஓய்வு கட்டாயம்; தங்குமிடங்களில் மிருக வைத்தியர்கள் நாய்களைச் சோதிக்கிறார்கள். அவ்வளவு காவலிருந்தும் சில நாய்கள் மாண்டதுண்டு. அதனால் அங்கேயும் கண்டனம் ஓய்ந்தபாடில்லை.

நம் திடலில் துவரங்கேட்டியின் அடிக்கும் குத்துக்கும் காளை ஓடினால், அதை வெற்றி என்று எவ்வாறு கொண்டாடுவது? மிருகவதைத் தடைச் சட்டம் இந்நாட்டில் 1907ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2014இல் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி வழிவிட்டது. 2023இல் நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. விதிக்குக் கட்டுப்பட்ட விளையாட்டே நிலைக்கும் என்பது இவற்றால் விளங்கும்.

நாம் சவாரியை நிறுத்துமாறு கூறவில்லை. அது நின்றால் காளையைப் பேணும் ஆசையும் நின்றுவிடும். நாம் வேண்டுவது கேட்டியை ஒதுக்கிவைக்கும் சவாரி. கன்றுப் பருவத்திலிருந்தே தீன் வைத்து, தடவிக் கொடுத்து, குரலுக்குப் பழக்கிய நாம்பன் அடியின்றியும் ஓடும். அப்படிப் பழக்கியவனுக்கே பரிசென்று விழாக் குழுவினர் விதி செய்யட்டும். சவாரி பார்க்கச் செல்லும் மாணவர்களும் எவ்வண்டி முந்தியது என்பதோடு, எக்காளையின் முதுகில் தழும்பில்லை என்பதையும் கவனிக்கட்டும்.

2023ஆம் ஆண்டு ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கும் வந்தது. இனியும் வருவோர் நல்லூரைத் தரிசித்தபின் நம் சவாரித் திடலையும் எட்டிப் பார்க்கக் கூடும். அவர்கள் காண்பது காளையின் வேகமாக இருக்க வேண்டுமேயன்றி, அதன் வேதனையாக இருத்தலாகாது.