உன் பையிலுள்ள நிறைகற்கள்



வேதத்தை நாள்தோறும் வாசிக்கிறவர்களில் அநேகர் சேக்கல், கேரா, தாலந்து, இராத்தல் என்னும் சொற்கள் வருமிடத்தில் நிற்பதில்லை. அவற்றைக் கடந்து போய்விடுகிறார்கள். பரிசுத்த ஆவியானவர் எழுதிவைத்த ஒவ்வொரு அளவுக்கும் காரணம் உண்டு. இம்மாதம் அந்த நிறைகளை நாம் அறிந்த நிறைகளோடு ஒப்பிட்டுத் தியானிப்போம்.

ஆபிரகாம் மக்பேலா நிலத்தை வாங்கியபோது நானூறு சேக்கல் வெள்ளியை எண்ணிக் கொடுக்கவில்லை, நிறுத்துக் கொடுத்தான் (ஆதி. 23:16). நாணயம் அச்சிடப்படாத அக்காலத்தில் சேக்கல் என்பது காசு அல்ல, எடை. யூதாவின் ராஜாக்கள் காலத்து நிறைகற்கள் பல பூமியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின்படி ஒரு சேக்கல் ஏறக்குறைய 11.4 கிராம். நம் பாட்டனார் காலத்துத் தோலா 11.66 கிராம், ஆகவே சேக்கல் என்று வாசிக்கும்போது ஒரு தோலாவுக்குச் சற்றுக் குறைவு என்று எண்ணிக்கொள்ளலாம். கோலியாத்தின் கவசம் 5,000 சேக்கல். அதாவது சுமார் 57 கிலோ. அவன் ஈட்டியின் அலகு மாத்திரம் ஏழு கிலோவுக்குச் சமீபம். கவணும் ஐந்து கூழாங்கற்களும் கொண்டுசென்ற தாவீதின் விசுவாசம் எத்தகையது என்பது இப்போது நமக்கு இன்னும் தெளிவாய் விளங்குகிறது.

தாலந்துக்கு எத்தனை சேக்கல்? அதற்கு வேதமே கணக்குக் கொடுக்கிறது. யாத்திராகமம் 38:25, 26 வசனங்களை வாசியுங்கள். எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர்; தலைக்கு அரைச்சேக்கல் வீதம் 3,01,775 சேக்கல். அது நூறு தாலந்தும் 1,775 சேக்கலும் என்று எழுதியிருக்கிறது. மீதியைக் கழித்தால் நூறு தாலந்து மூன்று லட்சம் சேக்கல். ஒரு தாலந்து 3,000 சேக்கல், ஏறக்குறைய 34 கிலோ. அந்த அரைச்சேக்கலின் எபிரெயப் பெயர் பெக்கா. எருசலேமின் மேற்குச் சுவர் அடிவாரத்திலிருந்து எடுத்த மண்ணைச் சலித்தபோது, அப்பெயர் பொறித்த ஒரு சிறு கல் அகப்பட்டதாக 2018ஆம் ஆண்டு அறிவித்தார்கள். ஐசுவரியவான் அதிகமாகவும் தரித்திரன் குறைவாகவும் கொடுக்கலாகாது என்று கர்த்தர் கட்டளையிட்ட காணிக்கை அது. ஆத்துமாவின் மீட்பில் அனைவருக்கும் ஒரே கல்!

1 சாமுவேல் 13:21இல் நம் பழைய மொழிபெயர்ப்பு அரங்கள் என்று கூறுகிறது. மூலத்தில் அங்கே பிம் என்னும் சொல் இருக்கிறது. வேதத்தில் ஒரே ஒரு முறை வருகிறபடியால், அதன் பொருள் பழைய மொழிபெயர்ப்பாளருக்கு விளங்கவில்லை. பின்பு அப்பெயர் பொறித்த கற்கள் கிடைத்தபோது, அது சேக்கலில் மூன்றில் இரண்டு பங்குள்ள நிறை என்று தெரியவந்தது. பெலிஸ்தர் இஸ்ரவேலில் கொல்லன் இல்லாதபடி செய்து, கொழுவைத் தீட்டவும் இவ்வளவு வெள்ளி வாங்கினார்கள். ஒரு சிறு கல் ஒரு ஜனத்தின் ஒடுக்கத்தையே நமக்குக் காட்டுகிறது.

இராத்தல் என்னும் சொல்லில் கவனம் தேவை. தமிழ் வேதத்தில் இந்த ஒரே சொல் வெவ்வேறு அளவுகளுக்கு வழங்குகிறது. பழைய ஏற்பாட்டில் அது மினா என்னும் நிறை. எசேக்கியேல் 45:12இன்படி அறுபது சேக்கல். லூக்கா 19இல் அது பணத்தொகை. பெத்தானியா மரியாளின் நளத தைலத்திலோ அது ரோமரின் இராத்தல், சுமார் 327 கிராம். அதன் மதிப்பு முந்நூறு பணம் என்று யூதாஸ் சொன்னான். ஒரு கூலியாளின் ஏறத்தாழ ஒரு வருஷ உழைப்பு!

மத்தேயு 18ஆம் அதிகாரத்துக்கு வருவோம். கர்த்தருடைய நாட்களில் ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஒரு பணம் ஒரு நாட்கூலி. ஒரு தாலந்தைச் சம்பாதிக்கவே ஏறத்தாழ 20 வருஷம் உழைக்கவேண்டும். ராஜா மன்னித்தது பதினாயிரம் தாலந்து, அதாவது ஆறு கோடிப் பணம். அந்த ஊழியக்காரன் மன்னிக்க மறுத்ததோ நூறு பணம். அவன் பெற்ற இரக்கம் அவன் கொடுக்க மறுத்த இரக்கத்தைப்போல் ஆறு லட்சம் மடங்கு! உடன்பிறந்தானோடு பல வருஷமாய்ப் பேசாதிருக்கிற விசுவாசியே, இந்தக் கணக்கை முழங்காலில் நின்று போட்டுப் பார்ப்பாயாக.

நம் தேசத்திலும் ஒரே பெயருக்குப் பல நிறைகள் இருந்தன. சென்னையில் சேர் என்றால் 24 தோலா, 280 கிராம். வட இந்தியாவில் பெருவழக்காயிருந்த சேர் 80 தோலா, 933 கிராம். 1956இல் நிறை அளவைச் சட்டம் பிறந்து, 1958இல் கிலோகிராம் வந்து, 1962 முதல் தேசமெங்கும் அது கட்டாயமாயிற்று. ஊருக்கொரு கல் என்பது ஒழிந்தது. ஆனால் ஆளுக்கொரு கல் ஒழிந்ததா?

பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம் என்று உபாகமம் 25:13 கட்டளையிடுகிறது. வாங்க ஒரு கல், விற்க ஒரு கல் என்பதே அன்றைய வஞ்சனை. பிழைப்புக்காகப் பெருநகரங்களுக்கு வந்து மளிகைக்கடையும் பழையபொருள் கடையும் நடத்துகிற தேவபிள்ளைகளே, இது உங்களுக்கே. அந்நகரத்துப் பாஷை தெரியாமல், தமிழர் கடை, விசுவாசியின் கடை என்று நம்பி வருகிற ஏழையின் பொட்டலத்தில் நூறு கிராம் குறைந்தால், ஞாயிற்றுக்கிழமை செலுத்தும் தசமபாகம் அதை ஈடுசெய்யாது. கடையில்லாதவர்களுக்கும் தராசு உண்டு. மகளுக்கு ஒரு கல், மருமகளுக்கு ஒரு கல். நம் குற்றத்துக்குச் சிறிய கல், அயலானின் குற்றத்துக்குப் பெரிய கல் என்று வைத்திருக்கிறோமா?

பெல்ஷாத்சாரின் அரமனைச் சுவரில் எழுதப்பட்ட மெனே, தெக்கேல், பெரேஸ் என்னும் சொற்கள் மினா, சேக்கல், அரைப்பங்கு என்னும் நிறைகளின் பெயர்களை ஒத்தவை என்று வேதபண்டிதர் சுட்டிக்காட்டுகிறார்கள். தராசைக் கையில் வைத்திருந்த ராஜாவே தராசில் வைக்கப்பட்டான், குறையக் காணப்பட்டான். நம்மை நிறுக்கிற தேவனிடத்தில் ஒரே கல்தான் உண்டு. அவருடைய கிருபையினாலே நம் பைகளை இன்றே சோதித்து, வேண்டாத கற்களை எறிந்துவிடுவோமாக. ஆமென்.